கவர் கழற்றிய கிறைண்டர்

காங்கேசன்துறை வீதியில் கொக்குவிலில் இருந்து சுன்னாகம் வரை காலை ஒன்பது மணிக்கு ஒருதரம் சைக்கிளில் போய்ப் பாருங்கள். கேற் ஒட்டும் வெல்டிங் கடை, கதவு நிலை செய்யும் தச்சுப்பட்டறை, அலுமினியம் வெட்டும் இடம், வெளிநாட்டுக் காசில் எழும்பும் மாடி வீடு என்று வழிநெடுக ஒரே கூவல். எங்காவது நின்று, அந்தச் சத்தம் வரும் கையைக் கவனியுங்கள். பெரும்பாலும் நான்கு அங்குலக் கிறைண்டராக இருக்கும். அதன் தட்டை அரைவட்டமாக மூடியிருக்க வேண்டிய இரும்புக் கவர் பல கைகளில் இருக்காது. பக்கவாட்டில் திருகிப் பிடிக்கத் தந்த கைபிடியும் இருக்காது. காலில் பாட்டா, இடுப்பில் மடித்துக் கட்டிய சாரம், கண்ணில் ஒன்றும் இல்லை.

"ஏன் அண்ணை கவரைக் கழட்டிப்போட்டியள்?" என்று கேட்டால் பதில்கள் தயாராக இருக்கும். "கவர் கிடந்தா மூலைக்குள்ள போகாது தம்பி." "வெட்டுற கோடு தெரியாது." "பெரிய தட்டுப் போடேலாது." பிறகு, பேச்சை முடித்துவைக்கும் பதில்: "இருபது வருசமாப் பிடிக்கிறம், ஒண்டும் நடக்கேல்லை."

இப்படிச் சொல்பவர்கள் அசட்டையான மனிதர்கள் இல்லை. யுத்தத்தில் உடைந்து கிடந்த யாழ்ப்பாணக் குடாநாட்டை மறுபடி கூரை போட்டு நிமிர்த்தியவர்கள் இவர்கள்தான். அந்தக் கைகள் முழுசாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன். கருவியைக் காவலோடு பிடிப்பதை, நேர்க்கோட்டில் வெட்டுவதைப் போல, சரியான மட்டத்தில் கல் வைப்பதைப் போல, தொழில் தெரிந்தவரின் அடையாளமாக நம் பட்டறைகள் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு இந்த மண்ணுக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது.

மெசின் வந்த வழி

கையில் பிடிக்கும் மின்சார டிறிலை ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் வில்ஹெல்ம் எமில் ஃபைன் 1895இல் செய்தார். கைத்துப்பாக்கி மாதிரிப் பிடியும் விசையும் வைத்த டிறிலுக்கு அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் 1917இல் காப்புரிமை பெற்றது. இன்று நாம் பிடிக்கும் கோணக் கிறைண்டர் 1954இல் மறுபடியும் ஜேர்மனியில் வந்தது. வெளியுலகத் தொழிலாளர்கள் இவற்றோடு இரண்டு, மூன்று தலைமுறையாகப் பழகி, அடிபட்டு, சட்டம் போட்டு, கவர் பூட்டிக்கொண்டார்கள்.

நமக்கு அந்தப் பழக்கம் நடுவில் அறுந்தது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை கடலோடிப் போன அன்னபூரணி, உளியும் வாளும் துறப்பணமும் பிடித்த ஓடாவிமாரின் வேலை. கைக்கருவியில் நமக்கு நீண்ட மரபு உண்டு, மெசினுக்கு இல்லை. 1990 ஜூனில் யுத்தம் திரும்பவும் மூண்டபோது குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வருடங்கள் அவை. சீமெந்துக்கும் பற்றரிக்கும்கூடத் தடை இருந்தபோது கிறைண்டர் எங்கிருந்து வரும்? 1996க்குப் பிறகு ஜெனரேற்றர்களில் அரைகுறை மின்சாரம் வந்தது. 2006 ஓகஸ்ட்டில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மறுபடி மூடுண்டது. 2009க்குப் பின் வீதி திறந்து, 2013 அளவில் கிளிநொச்சியில் இருந்து சுன்னாகத்துக்கு உயர் அழுத்த மின்வழி வந்துசேர்ந்த பிறகுதான் தேசிய மின்வலையோடு குடாநாடு மீண்டும் ஒன்றானது.

அதே கையோடு கட்டட வேலை பெருகியது. இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டத்தில் பெரும்பகுதி வடக்குக்கும் கிழக்குக்கும் வந்தது. காசு தவணை தவணையாகப் பயனாளியின் கைக்கு வரும். ஆள் பிடித்துக் கட்டுவது அவர் பொறுப்பு. ஊரெல்லாம் ஒரே நேரத்தில் மேசன்மாரையும் தச்சர்களையும் தேடியது. நேற்று வரை தோட்டம் செய்தவரும் வலை இழுத்தவரும் கிறைண்டர் பிடித்தார்கள். கடையில் பெட்டியைப் பிரித்துக் கருவியை எடுத்தார்கள். தமிழில் இல்லாத கையேடு பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கற்றுக்கொடுக்க வேண்டியவர்களும் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

தட்டில் எழுதியிருப்பது

கடையில் வாங்கிய வெட்டுத் தட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுத்துளையைச் சுற்றி மெல்லிய உலோக வளையம் ஒன்று இருக்கும். நல்ல தயாரிப்பு என்றால் அதில் ஒரு மாதமும் வருடமும் பொறித்திருப்பார்கள். அது தட்டின் காலாவதித் திகதி. இரும்பு வெட்டும் தட்டு இரும்பால் ஆனதல்ல. உராய்வுத் துகளைப் பிசினில் குழைத்து, உள்ளே நார்வலை வைத்து அழுத்திய பண்டம். செய்த நாளில் இருந்து மூன்று வருடத்துக்குத்தான் அந்தப் பிசினுக்கு உத்தரவாதம். ஈரம் பட்டால் அதற்கு முன்னரே பலம் குறையும். நமது மாரி காலத்தில் ஒழுகும் கொட்டிலின் மூலையில், சீமெந்துத் தரையில் கிடந்த தட்டு பார்வைக்குப் புதிதாகத்தான் இருக்கும்.

அதே தட்டில் இன்னோர் எண்ணும் உண்டு: நிமிடத்துக்கு ஆகக்கூடிய சுற்று. 100 மில்லிமீற்றர் தட்டுக்கு அது 15,000க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். 180 மில்லிமீற்றர் தட்டுக்கு 8,500. 230 மில்லிமீற்றர் தட்டுக்கு ஏறக்குறைய 6,600. தட்டுப் பெருக்கப் பெருக்க அனுமதித்த சுற்றுக் குறைகிறது, ஏனென்றால் ஒரே சுற்றில் பெரிய தட்டின் விளிம்பு அதிக தூரம் ஓடுகிறது. நான்கு அங்குலக் கிறைண்டர் சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 11,000 அளவில் சுற்றும். அதற்குரிய தட்டின் விளிம்பு அப்போது செக்கனுக்கு 57 மீற்றர், அதாவது மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. கவரைக் கழற்றிவிட்டு, நடுத்துளையின் இடைவெளியை வாசர் போட்டு அடைத்து, ஏழு அங்குலத் தட்டை அதே கிறைண்டரில் ஏற்றினால் என்ன நடக்கும்? 8,500க்கு மேல் தாங்காத தட்டை 11,000இல் சுற்றுகிறோம். விளிம்பு வேகம் செக்கனுக்கு 100 மீற்றரைத் தாண்டுகிறது. அது உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் புறப்படும். எதிரே இருப்பது பிடித்திருப்பவரின் கழுத்தும் முகமும், பக்கத்தில் கம்பி பிடித்திருக்கும் பொடியனின் கண்ணும்.

"பெரிய தட்டுப் போடேலாது" என்ற பதில்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது என்று சொல்வது இதனால்தான். கவர் இரண்டு வேலை செய்கிறது. உடையும் துண்டைத் தடுக்கிறது; தகாத தட்டைப் பூட்டவிடாமலும் தடுக்கிறது. பெரிய தட்டுத் தேவையென்றால் பெரிய கிறைண்டர் வேண்டும், அவ்வளவுதான்.

தச்சுவேலையில் இதைவிடக் கொடிய பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. பல்லு வைத்த மரவாள் தட்டைக் கிறைண்டரிலோ ரைல்ஸ் வெட்டும் மாபிள் கட்டரிலோ பூட்டிப் பலகை அறுப்பது. இரும்பு வெட்டும் தட்டு உராய்ந்து தேய்க்கிறது. மரவாளின் பல்லோ கொளுவி இழுக்கிறது. மரத்தில் ஒரு முடிச்சு வந்தாலோ, அறுத்த வாய் மூடிக்கொண்டு தட்டை நெரித்தாலோ, அத்தனை வேகமும் ஒரே கணத்தில் கருவியின் பக்கம் திரும்பிக் கையை உதறி எறியும். வைரம் பாய்ந்த பனைமரச் சலாகை அறுத்தவர்களுக்கு அந்தக் கறுப்பு நார் வாளைப் பிடிக்கும் பிடி தெரியும். கைவாளில் அது தோளை வலிக்கச் செய்யும். கிறைண்டரில் தொடையைக் கிழிக்கும். மரத்துக்கு வட்டவாள் மெசின் தனியாக இருக்கிறது; அதில் அறுக்கும் தட்டைத் தானாக மூடும் கவரும், பலகையில் படிந்து நிற்கும் அடித்தட்டும் உண்டு. அந்தக் கவரைக் கம்பியால் கட்டித் திறந்தபடி வைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அவிழ்த்து விடுங்கள்.

கிறைண்டரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். உடம்பு தட்டின் நேர்கோட்டில் நிற்கக்கூடாது; அரை அடி விலகி நின்றால் போதும். புதுத் தட்டுப் பூட்டினால் ஆளில்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், வெடிக்க இருப்பது பெரும்பாலும் அந்த நிமிடத்தில் வெடித்துவிடும். வெட்டும் தட்டின் பக்கவாட்டில் தேய்க்கக்கூடாது. தட்டு மாற்றும்போது சுவிட்ச்சை நிற்பாட்டினால் காணாது, பிளக்கைக் கழற்ற வேண்டும்.

மூடிய பரலை ஒருபோதும் கிறைண்டரால் வெட்ட வேண்டாம். டீசலோ தின்னரோ இருந்த வெற்றுப் பரல் வெறுமையானதல்ல. உள்ளே ஆவி நிற்கிறது, ஒரு பொறி போதும். தோட்டம் கொத்தும்போது வந்த துருப்பிடித்த இரும்பு விடயத்திலும் இந்த மண்ணில் யோசிக்க வேண்டியிருக்கிறது. பழைய இரும்பு என்று நினைத்து வெடிபொருளை வெட்டப் போனவர்களின் செய்தி யுத்தம் முடிந்த பின்னும் வடக்கில் வந்திருக்கிறது. என்னவென்று தெரியாத இரும்பைத் தொடாமல் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லிவிடுங்கள்.

கனடா மாமா அனுப்பிய டிறில்

குடாநாட்டுக்கென்றே உள்ள ஆபத்து ஒன்று பெட்டியில் வருகிறது. புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் பொருட்களுக்குள் சொக்கிளேற்றுக்கும் சேர்ட்டுக்கும் நடுவே ஒரு டிறிலோ கிறைண்டரோ இருக்கும். அன்போடு அனுப்பியது, நல்ல கம்பனி, உறுதியான பொருள். லண்டனில் இருந்தோ ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வேயில் இருந்தோ வந்தால் மின்னழுத்தம் சிக்கலில்லை. அங்கேயும் இங்கேயும் 230 வோல்ற்தான். கனடாவில் இருந்து வந்தால் அது 120 வோல்ற்றுக்குச் செய்தது.

தட்டைக் கால் பிளக் நமது சுவரில் போகாது. உடனே அதை வெட்டி எறிந்துவிட்டு உள்ளூர்ப் பிளக்கைப் பூட்டுகிறார்கள். கையில் பிடிக்கும் டிறிலிலும் கிறைண்டரிலும் இருப்பது காபன் தூரிகை வைத்த மோட்டர். அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தம் ஏறினால் வேகமும் ஏறும். இரண்டு மடங்கு அழுத்தத்தில், சுருள் எரிந்து புகைவதற்கு முன்னான அந்தச் சில செக்கன்களுக்குள், கிறைண்டர் தட்டுத் தாங்கக்கூடிய சுற்றைத் தாண்டிவிடும். "மெசின் எரிஞ்சு போச்சு" என்று முடிந்தால் அது அதிர்ஷ்டம்.

கருவியின் உடம்பில் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டை வாசித்தால் இதெல்லாம் வராது. எத்தனை வோல்ற், எத்தனை ஹேர்ட்ஸ், எத்தனை வாற், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அதில் இருக்கும். 120 என்று இருந்தால் அழுத்தம் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும், அதுவும் கருவியின் வாற்றை விடக் கூடுதலான திறனில். மேசையில் நிறுத்தும் டிறில், பெரிய வாள் மெசின் போன்றவற்றுக்கு ட்ரான்ஸ்போமரும் முழுத் தீர்வு இல்லை. வட அமெரிக்காவின் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், நம்முடையது 50. அங்கே செய்த தூண்டல் மோட்டர் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடிச் சூடாகும். பற்றரியில் ஓடும் கருவி என்றால் சார்ஜரின் தகட்டைப் பாருங்கள். அனுப்புகிற உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: கருவிக்குப் பதிலாகக் கண்ணாடியும் காது மூடியும் முகமூடியும் அனுப்புங்கள். அவை எந்த வோல்ற்றிலும் வேலை செய்யும்.

லண்டனில் கட்டட வேலை பார்க்கும் நம்மவர்கள் மஞ்சள் நிற ட்ரான்ஸ்போமரைக் கண்டிருப்பார்கள். அங்கே வேலைத்தளங்களில் கைக்கருவியை 230 வோல்ற்றில் ஓட்டுவதை அனேகமாகத் தவிர்க்கிறார்கள். 110 வோல்ற்றுக்குக் குறைத்து, சுருளின் நடுப்புள்ளியை நிலத்தோடு இணைக்கிறார்கள். வயர் அறுந்து உடம்பில் பட்டாலும் நிலத்துக்குப் பாய்வது 55 வோல்ற் மட்டுமே. ஒரு நாடு முழுவதும் பழக்கமாகிவிட்ட ஏற்பாடு அது.

கரண்ட்

நமது 230 வோல்ற்றின் கணக்கு எளிது. வியர்வையில் நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது உடம்புக்குள் பாய்வது 230 மில்லி அம்பியர். 10 மில்லி அம்பியரைத் தாண்டினாலே பிடித்த கை விடாது. 50, 100 மில்லி அம்பியர் இதயத்தின் துடிப்பைக் குழப்பிவிடப் போதும். வீட்டு ட்ரிப் சுவிட்ச்சில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருப்பதன் பொருள் இதுதான்: அவ்வளவு மின்சாரம் வழிதவறிப் போவதைக் கண்டதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் இணைப்பைத் துண்டிக்கும். அதில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டில் இருந்து வயர் இழுத்து வேலை செய்யப்போகும் இடத்தில் முதல் வேலையாக அதை அமுக்குகிற மேசன் ஒருவரை நீங்கள் கண்டால், அவரையே அடுத்த வேலைக்கும் பிடியுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் எல்லாவற்றையும் காப்பாற்றாது. ஒரு கையில் ஒரு வயரும் மறுகையில் மற்ற வயரும் பட்டால், போன மின்சாரம் சரியாகத் திரும்பி வருவதால் அதற்கு ஒன்றும் தெரியாது. அடுத்தது ஏர்த். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். பல இடங்களில் மண் ஓரிரு அடிதான். ஏர்த் கம்பி முழுசாக இறங்காது, பாதியில் அறுத்துவிடுகிறார்கள். ஆடி, ஆவணியில் மேல்மண் வறண்டு வெடிக்கும்போது அந்த அரைக்கம்பி பெயருக்குத்தான் ஏர்த். கிணற்றடிப் பக்கம், வாழைக்குத் தண்ணீர் போகும் ஈரமான இடம் பார்த்து ஆழமாக இறக்குவது பழைய வயர்மன்மார் செய்த வேலை.

இலங்கையில் 2017இல் 13 அம்பியர் சதுரக்கால் பிளக்கை ஒரே தரமாக ஏற்றார்கள். அதற்குரிய பிளக் பெட்டியின் துளைகளுக்குள் ஒரு மூடி இருக்கிறது. நீளமான ஏர்த் கால் உள்ளே போனால்தான் மற்ற இரண்டும் திறக்கும். அந்த மூடியைப் பேனையால் அமுக்கித் திறந்து இரண்டுகால் பிளக்கைச் செருகுவது நம் எல்லோர் வீட்டிலும் நடக்கிறது. கட்டட வேலையிலோ பிளக்கே இல்லாமல் வயர் நுனியைத் துளைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகிறார்கள். கிறைண்டர் இழுக்கும் மின்சாரத்தில் அந்தத் தளர்ந்த தொடுகை கொதித்துக் கருகும். யாராவது வயரில் கால் தடுக்கினால் கரண்ட் உள்ள நுனி தரையில் கிடக்கும். உருளையில் சுற்றிய நீட்டிப்பு வயரை முழுதாக விரித்துப் பாவியுங்கள். சுற்றியபடி பாரமான கருவியை ஓட்டினால் நடுச்சுற்றில் சூடு ஏறி உறை உருகும்.

இரண்டுகால் வயரோடு வரும் எல்லாக் கருவியும் மோசமானவை என்றும் நினைக்க வேண்டாம். தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்பிட்ட கருவி, ஏர்த் தேவையில்லை. வெளியுறை வெடித்த பிறகும் அப்படியே நம்பக்கூடாது.

சுவரைத் துளைக்கும்போது

டிறிலுக்குக் கிறைண்டர் அளவு கெட்ட பெயர் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் வீட்டுக்காரரும் எடுத்துப் பிடிக்கிறார். சுவிட்ச்சுக்கும் பிளக் பெட்டிக்கும் நேர் மேலே, நேர் கீழே, அதே மட்டத்தில் பக்கவாட்டில் துளைக்க வேண்டாம்; மின்குழாய் அனேகமாக அந்தக் கோடுகளில்தான் ஓடும். படம் கொளுவ ஒரு சாண் விலகுவதில் நட்டமில்லை. பழைய நாற்சார் வீட்டின் சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் முதலில் தட்டல் விசையைப் போடாமல் சும்மா சுழற்றித் துளைத்துப் பாருங்கள். தட்டினால் பொரிந்து விழும். கொங்கிறீற்றில் நிலைமை வேறு. உள்ளே கம்பியில் பிற் கொளுவினால் பிற் நிற்கும், டிறில் சுற்றும். பெரிய தட்டல் டிறில் மணிக்கட்டைத் திருகிவிடும், ஏணியில் நிற்பவரைத் தள்ளிவிடும். பக்கக் கைபிடி அதற்குத்தான் தந்திருக்கிறது. ஏணியின் மேல்படியில் ஒற்றைக் கையால் டிறில் பிடிப்பது வேண்டாத வீரம்.

டிறில் பிடிக்கும்போது துணிக் கையுறை போடக்கூடாது என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியம். சுழலும் பிற் கையுறையின் நூலைப் பிடித்தால் விரலோடு சுற்றும். கோயிலில் கட்டிய நூலும், தொங்கும் சால்வையும், அவிழ்ந்த சாரத் தலைப்பும், பின்னாத தலைமயிரும் அப்படியே. நூலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு வேலை செய்தால் சாமி கோபிக்காது. சக்கை இறுக்கிய சாவியைக் கழற்ற மறந்து விசையை அமுக்கினால் அது பறந்து வரும். சின்ன இரும்புத் துண்டைக் கையால் பிடித்துத் துளைக்காமல் வைஸில் இறுக்குங்கள். பிற் மறுபக்கம் வெளியேறும் கணத்தில்தான் துண்டு சுற்றத் தொடங்கும்.

மூச்சிலும் கண்ணிலும்

ரைல்ஸ் வெட்டும்போது வீட்டை மூடும் வெண்புழுதியை ஒரு சேர்ட்டை மூக்கில் கட்டிச் சமாளிக்கிறார்கள். ரைல்ஸிலும் கருங்கல்லிலும் மணல் கலந்த கொங்கிறீற்றிலும் இருக்கும் சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத துகளாக நுரையீரலின் அடிக்குப் போய்த் தழும்பாகும். திருப்ப முடியாத நோய் அது. குசினி மேடைக்கு வைக்கும் செயற்கைக் கல்லை வெட்டிய இளம் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வந்ததால் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடைசெய்தது. நாம் செய்யக்கூடியது மலிவானது: தண்ணீர் ஊற்றி வெட்டுவது. அதற்கென்று குழாய் பூட்டிய கட்டரைப் பாவிக்க வேண்டும், சாதாரணக் கிறைண்டரில் தண்ணீர் ஊற்றினால் கரண்ட் அடிக்கும். துணி இந்தத் துகளை மறிக்காது. என்95 தரத்தில் முகமூடி வேண்டும்.

அஸ்பெஸ்ரஸ் சீற் இன்னும் நம் கூரைகளில் இருக்கிறது. 2018இல் இருந்து அதை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, ஒரு வண்டைக் காரணம் காட்டி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்ரஸை விற்கும் நாடும் அதுதான். அரசு பின்வாங்கியது. கொழும்புக்கும் மொஸ்கோவுக்கும் நடுவில் நடந்த அந்தப் பேரத்தின் புழுதி, சீற்றைக் கிறைண்டரால் வெட்டும் கூரைவேலைக்காரரின் நெஞ்சுக்குள் போகிறது. அதைக் கிறைண்டரால் வெட்டவே கூடாது. நனைத்துவிட்டு, கைவாளாலும் கைத்துறப்பணத்தாலும் செய்ய வேண்டிய வேலை அது.

கிறைண்டரின் சத்தம் 100 டெசிபல் அளவில் இருக்கும். 85 டெசிபலை எட்டு மணிநேரம் கேட்கலாம் என்ற கணக்கில், 100இல் பதினைந்து நிமிடம்தான். காதை அடைக்கப் பஞ்சு காணாது.

கண்ணுக்குள் பாய்ந்த பொறியைத் துணி நுனியாலும் நாக்காலும் எடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வெல்டிங் வெளிச்சத்தில் எரிந்த கண்ணுக்குத் தாய்ப்பால் விடுவார்கள். இரும்புத் துகள் கருவிழியில் ஒரு நாள் தங்கினாலே துரு வளையம் விடத் தொடங்கும். அதைக் கண் கிளினிக்கில் கருவி வைத்துத்தான் சுரண்டி எடுக்க வேண்டும். எதுவாவது குத்தி நின்றால் கழுவாமல், அமுக்காமல், ஒரு கடதாசிக் கப்பைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீமெந்தோ சுண்ணாம்போ விழுந்தால் மட்டும் அந்த இடத்திலேயே கால் மணிநேரம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

சட்டமும் பொடியனும்

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரத்தின் ஆபத்தான பாகங்கள் பாதுகாப்பாக மூடப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டம் 1934இல் இருந்தே இருக்கிறது. வீடு வீடாகப் போய் நாட்கூலிக்கு நிற்பவருக்கு நடைமுறையில் இவை எட்டுவதில்லை. விரல் போன மேசனுக்கு ஊர் சேர்த்துக் கொடுக்கும் காசோடு கதை முடிகிறது. வீட்டுக்காரரும் இதில் பங்குகாரர்தான். ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, கவர் பூட்டி வேலை செய்யுங்கோ அண்ணை என்று சொல்லும் உரிமையும் கடமையும் கூலி கொடுப்பவருக்கு உண்டு.

சாதாரண தரம் முடித்தோ முடிக்காமலோ பட்டறைக்கு வரும் பொடியன்கள்தான் எனக்குப் பெரிய கவலை. 18 வயது ஆகாதவரை ஆபத்தான வேலையில் விடுவதைச் சட்டம் தடுக்கிறது. முதலாளி கவரில்லாமல் வெட்டுவதைப் பார்த்து நிற்கும் பொடியன் அதையே தொழில் என்று படிப்பான். யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியும், தொழிற்பயிற்சி அதிகார சபையும், கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் முறையாகச் சொல்லிக்கொடுக்கின்றன. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் வகுப்புக்குப் போகாமலே, திறமையைக் காட்டித் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் எடுக்கவும் வழி இருக்கிறது. வாணி விழாவுக்கு மெசின்களைக் கழுவிச் சந்தனம் வைக்கும் பட்டறைகள், அன்றைக்கே வயரைத் தடவிப் பார்த்து, காலாவதியான தட்டுகளை உடைத்துப் போட்டுவிடலாம்.

1987இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் ஷெல்லிலும் மிதிவெடியிலும் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுத்து அவர்களை நடக்க வைத்தது. அவ்வளவு உறுப்பை இழந்த ஊர் இது. கடைக்காரர் பெட்டிக்குள் வைத்துத் தந்த கவரைக் கழற்றியதற்காக இன்னொரு விரலையும் நாம் இழக்கக்கூடாது.

நடந்துவிட்டால்

கரண்டில் மாட்டியவரைத் தொடாமல் மெயின் சுவிட்ச்சை விழுத்துங்கள். சுவிட்ச் தூரமென்றால் காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது தடவை அழுத்திக்கொண்டே இருங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வடக்கில் 2018 ஜூலையில் இருந்து ஓடுகிறது.

வெட்டுக் காயத்தில் கோப்பித்தூளோ மஞ்சளோ அப்ப வேண்டாம். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். துண்டான விரலைத் தேடி எடுங்கள். கழுவித் தேய்க்காமல், ஈரமாக்கிப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீருக்குள் வையுங்கள். விரலில் நேரடியாக ஐஸ் படக்கூடாது, பட்டால் தசை செத்துவிடும். இப்படிக் குளிரில் வைத்த விரல் பல மணிநேரம் தாங்கும் என்பதால், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய், அங்கிருந்து வேறிடம் அனுப்பினாலும் நேரம் இருக்கும். காயப்பட்டவருக்குத் தேத்தண்ணியோ சாப்பாடோ கொடுக்க வேண்டாம், சத்திரசிகிச்சைக்கு வெறும் வயிறு தேவைப்படும். எந்தக் கருவி, எத்தனை மணிக்கு, கடைசியாக ஏற்பூசி எப்போது போட்டது என்று டொக்டருக்குச் சொல்ல, பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர் அம்புலன்ஸில் கூடவே ஏற வேண்டும்.